நடுவுல இழுத்த வயர்

மண்டபம்,
ஜூன் 24

மாப்ள,

நாலு மாசமா ஒரு வரி எழுதல, தப்புதான். வீட்டுல எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி பழையபடி. 61 நாள் தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சு, லாரிக்கும் லோடு வருது.

இப்ப எழுதுறது உன்னைத் திட்டத்தான். உச்சிப்புளி டீக்கடை முன்னாடி என் பேட்டரிப் பெட்டியத் தொறந்து, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஒரு வயரை முறுக்கி, "இந்தா 12 வோல்ட், பாட்டுக் கேளு"ன்னு விஞ்ஞானி மாதிரி நின்னியே, அந்த வயருக்கு இன்னைக்கு வரைக்கும் மொய் எழுதிக்கிட்டு இருக்கேன்டா. லாரி 24 வோல்ட், ரெண்டு 12 பேட்டரியை ஒண்ணோட ஒண்ணு கோத்தது. செட்டு, காத்தாடி, போன் சார்ஜர் எல்லாம் 12. அதோட மச்சினன் வள்ளத்து ஜி.பி.எஸ். பேட்டரியையும் அதே வயர்ல மாட்டி, ராம்நாடு போய்த் திரும்புறதுக்குள்ள ஏத்தித் தரச் சொல்லுவான். சொந்தத்துக்கு முடியாதுன்னு சொல்ல முடியுமா?

மூணு வருசத்துல நாலு பேட்டரி. கடைக்காரன் ஏமாத்துறான்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன், பாவம்.

போன வாரம் ராத்திரி 2 மணி. ஐஸ் அடிச்சு நண்டும் கணவாயும் ஏத்தியாச்சு. சாவியைத் திருப்புனா டக்கு டக்குங்குது, அவ்வளவுதான். பெட்டியத் தொறந்தா ஒரு பேட்டரி கை வைக்க முடியாத சூடு, அழுகுன முட்டை நாத்தம். சின்னவன் போன் லைட்டைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாக்குறான். நான் டெர்மினலைக் கழட்ட ஸ்பேனரை வச்சேன், ஒரு பொறி. படார்னு மேல்மூடி பறந்து ஆசிட் தெறிச்சுச்சு. ஐஸ் உருகின தண்ணியை வாளி வாளியா அவன் தலையில ஊத்தினேன். சட்டையத் துவைச்சா சல்லடையாட்டம் ஓட்டை. கண்ணுல படல மாப்ள. அதுக்கு மேல எழுத வரல.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் உன் கைவண்ணம் இருக்குற இன்னொரு வண்டியில, அதான் சித்தப்பா லாரியில, மீட்டர் வச்சுக் காட்டினாரு. இஞ்சின் ஓடும்போது ரெண்டுக்கும் சேர்த்து 28.2. சரியாத்தான் இருக்கு, இஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏத்துற ஆல்டர்னேட்டருக்கு அந்த மொத்தக் கணக்கு மட்டுந்தான் தெரியும். தனித்தனியா வச்சா ஒண்ணுல 12.9, இன்னொண்ணுல 15.3! வயர் இழுத்தது பட்டினி கெடக்குது. இழுக்காதது தின்னது செரிக்காமக் கொதிச்சுத் தண்ணியை வத்தடிக்குது. கொதிக்கும்போது வர்ற ஹைட்ரஜன்தான் அன்னைக்கு வெடிச்சது. பழசோட ஒரு புதுசை மட்டும் மாட்டி மாட்டி நான் அதை இன்னும் கெடுத்திருக்கேன்.

இப்ப ஜோடியாவே மாத்திட்டேன். ரெண்டு பேட்டரியோட இந்தக் கடைசியிலயும் அந்தக் கடைசியிலயும் இருந்து வயர் எடுத்து, ஃபியூஸ் போட்டு, 24ஐ 12 ஆக்குற 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் வச்சாச்சு. 12ல 10 ஆம்பியர் எடுத்தா 24ல சுமார் 6தான் இழுக்கும், அதுவும் ரெண்டுலயும் சமமா. வோல்ட்டைக் குறைக்க ரெசிஸ்டர் போடலாம்னு ஒருத்தன் வந்தான், பாதிக் கரண்டைச் சூடாக்கவா வண்டி ஓட்டுறேன்னு அனுப்பிட்டேன். மச்சினன் பேட்டரியை அந்தக் கன்வெர்ட்டர்லயே மாட்டிப் பாத்தேன், ஏறல. நிறைஞ்ச பேட்டரியே 12.7 காட்டும், 14க்கு மேல தள்ளுனாத்தான் முழுசா ஏறுமாம். அதுக்குன்னு 24ல ஓடுற தனிச் சார்ஜர் வாங்கணும். அவன் காசுல.

ஒரே குறை, கன்வெர்ட்டரை ஆன் பண்ணினா இலங்கை ரேடியோவுல கொய்ய்ங்னு வண்டு பறக்குது. ஏரியல் வயர்ல இருந்து தள்ளி வைக்கணுமாம், ஞாயித்துக்கிழமை பாக்கணும்.

உன் ஸ்கூல் பஸ்ஸும் 24தானே? கேமராவும் டி.வி.யும் எதுல ஓடுது? உன் புத்தி எனக்குத் தெரியும். இன்னைக்கே பெட்டியத் தொறந்து பாத்துட்டு எழுது. இஞ்சினை நிறுத்தி, கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டுப் பாரு. மூஞ்சியத் தள்ளி வச்சுக்க.

உன் மச்சான்