கௌரம்மா இந்த யானைகளைப் பார்த்ததே இல்லை

இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு வட்ட அதிகாரிகளுக்கும், குடகு மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் தஞ்சாவூர்க்காரி. போன டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு குடகுக்கு வந்திருந்தோம். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குத் தலைக்காவிரியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருக்கும். அதற்காகத்தான் கிளம்பினோம். மடிக்கேரியில் தங்கியிருந்ததால் மறுநாள் காலையில் கோட்டைக்குள்ளும் போனோம்.

அங்கே இருக்கும் அந்த இரண்டு காரை யானைகள் முன்னால் என் மகள் வெகுநேரம் நின்றாள். நிஜ யானை உயரம். எட்டாவது படிக்கிறாள், போட்டோ எடுத்து முடித்த பிறகும் நகரவில்லை. எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் பக்கத்தில் வந்து, "கௌரம்மா இளவரசி சின்ன வயசுல விளையாடின யானை பாப்பா இது. அப்புறம் விக்டோரியா ராணி அவங்களை மகளா எடுத்துக்கிட்டு லண்டனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கேயே ஒரு துரையைக் கட்டிக்கிட்டு ராஜபோகமா வாழ்ந்தாங்க" என்றார். வாயெல்லாம் சிரிப்பாகத்தான் சொன்னார். ஊர்ப் பெண்ணைப் பற்றிய பெருமை அது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

"கொடுத்து வெச்சவங்கம்மா" என்றாள் என் மகள்.

ஊருக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி நிற்கவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

கௌரம்மா அந்த யானைகளைப் பார்த்ததே இல்லை. மடிக்கேரியில் அவள் காலடி பட்டதே இல்லை. அவள் பிறந்தது 1841 ஜூலை 4ஆம் தேதி, காசியில். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1834 ஏப்ரலில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை குடகுக்குள் நுழைந்து அவள் அப்பாவான குடகு ராஜா சிக்க வீரராஜேந்திரனைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. ராணிகளோடும் குடும்பத்தோடும் அவரை முதலில் எங்கள் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள், அப்புறம் காசிக்கு அனுப்பினார்கள். நாடு போனபின் பிறந்த பிள்ளை அவள். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயும் போய்விட்டாள்.

சிக்க வீரராஜேந்திரன் நல்ல அரசர் என்று நான் சொல்ல வரவில்லை. சொந்தத் தாயாதிகளையே கொன்றவர் என்ற பழி அவர் மேல் இருக்கிறது. அதை மறைக்கச் சொல்லி உங்களைக் கேட்கவும் இல்லை. ஆனால் அப்பன் செய்ததற்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?

1852இல் ராஜா கௌரம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவளுக்குப் பதினொரு வயது ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. குடகு அரச குடும்பத்துப் பணம் கம்பெனிக் கடன் பத்திரங்களில் இருந்தது. நாட்டைப் பிடித்தபோது கம்பெனி அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கம்பெனிமீது வழக்குப் போட்டு அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் ராஜாவின் கணக்கு. மகளைக் கிறிஸ்தவளாக வளர்க்க ராணியிடம் ஒப்படைத்தால் வழக்குக்கு ஒரு பக்கபலம் கிடைக்கும் என்றும் நினைத்தார். அவருடைய இன்னொரு மகள் அதற்கு முன்பே காசியில் நேபாளத்துப் பிரதமர் ஜங் பகதூர் ராணாவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒருத்தி வடக்கே மலைக்கு, ஒருத்தி கடல் தாண்டி.

அந்த வருடமே ஞானஸ்நானம் நடந்தது. கேன்டர்பரி பேராயர் நடத்திவைக்க, விக்டோரியா ராணி ஞானத்தாயாக நின்று தன் பெயரையே வைத்தார். தத்து எடுக்கவில்லை, அரண்மனையில் வைத்து வளர்க்கவும் இல்லை. பிள்ளையை முதலில் டிரம்மண்ட் தம்பதியிடம் விட்டார்கள். பிறகு சர் ஜேம்ஸ் ஹாக் வீட்டில் இருந்தாள். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அப்பா எந்தக் கம்பெனிமீது வழக்குப் போட்டிருந்தாரோ, அதன் தலைவராக இருந்தவர் வீட்டில் மகள் வளர்ந்தாள். அப்பாவின் சகவாசம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அவரைப் பார்ப்பதையும் கட்டுப்படுத்தினார்கள். ஒரே நாட்டில்தான் இருவரும் இருந்தார்கள்.

வின்டர்ஹால்டர் வரைந்த அவள் படம் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இணையத்திலும் பார்க்கலாம், நான் பல தடவை பார்த்துவிட்டேன். நம் ஊர் உடுப்பு, உடம்பு நிறைய நகை, கையில் பைபிள். நகை அப்பா வீட்டுடையது, பைபிள் ஞானத்தாய் வீட்டுடையது. முகம் மட்டும் என் மகளின் வகுப்பில் எந்தப் பெஞ்சில் தேடினாலும் கிடைக்கிற முகம். பின்னாளில் மரோச்செட்டி என்ற சிற்பி அவளுக்கு ஒரு மார்பளவுச் சிலை செய்தார். பளிங்குக்கு அவளுடைய மாநிறத்தையே பூசியிருக்கிறார்.

அவளுக்கு வரன் பார்த்ததும் ராணிதான். பஞ்சாப் ராஜ்யத்தைப் பறிகொடுத்துவிட்டு, கிறிஸ்தவனாக மாறி, 1854இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த துலீப் சிங்குக்குக் கட்டிவைக்கலாம் என்று நினைத்தார். நாடு இழந்த இரண்டு பிள்ளைகள், இருவரும் கிறிஸ்தவர்கள், பொருத்தம் அமைந்துவிட்டது என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. துலீப் சிங் மறுத்துவிட்டார். தங்கை மாதிரி பிரியமாக இருந்தாரே தவிர, மனைவியாக்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

துலீப் சிங்கை வளர்த்தவர்கள் சர் ஜான் லாகினும் அவர் மனைவி லேடி லாகினும். கௌரம்மாவும் கொஞ்ச காலம் அவர்கள் பொறுப்பில் இருந்தாள். அந்த லேடி லாகினின் அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் லெப்டினன்ட் கர்னல் ஜான் கேம்பல். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உண்டு, கௌரம்மாவைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர். 1860இல் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இதைப் படித்தபோது என் மனசு ஓரிடத்தில் போய் நின்றுவிட்டது. நம் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் வரும் வார்த்தை பிறந்த வீடுதான். மாப்பிள்ளை சரியில்லை, நகை அடகுக் கடைக்குப் போய்விட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம். வந்து நிற்க ஒரு திண்ணையாவது இருக்கும். கௌரம்மாவுக்கு எது இருந்தது? தாய் கைக்குழந்தையிலேயே போய்விட்டாள். தகப்பன் கல்யாணத்துக்கு முந்தின வருடம், 1859 செப்டம்பரில், லண்டனிலேயே செத்துப்போனார். வழக்கும் 1860இல் தள்ளுபடி ஆனது. அரசாங்கமாக நின்று படையெடுத்துக் கம்பெனி செய்ததைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். தாய்வீட்டுச் சொத்து என்று கையில் மிஞ்சியது நகைகள்தான். வளர்த்து ஆளாக்கியவர்களில் ஒருத்தியான லேடி லாகினோ இப்போது நாத்தனார். புருஷன் வீட்டுக் குறையைப் போய்ச் சொல்ல ஒரு வாசற்படி வேண்டுமே, அது அவளுக்கு இல்லை.

சொல்லவும் நிறையவே இருந்தது. கேம்பல் சூதாடி. பணம் அவர் கையில் தங்காது. அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அந்த மாதிரி ஆளுக்குத்தான் வசதி. தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் மனைவியின் பணமும் நகையும் தாலி கட்டின அன்றே புருஷனுடையதாகிவிடும். இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றிய முதல் சட்டம் 1870இல் வந்தது, ஒழுங்காக மாற்றியது 1882இல். விவாகரத்தும் அப்படித்தான். 1857ஆம் வருடச் சட்டப்படி மனைவி தவறினாள் என்று காட்டினாலே புருஷன் விலகிக்கொள்ளலாம். மனைவி விலக வேண்டுமென்றால் அவனுடைய கள்ள உறவோடு கொடுமையோ கைவிட்டுப் போனதோ இன்னொன்றும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். சூதாடி அழிக்கிறான் என்பது ஒரு காரணமே இல்லை.

1861 ஜூலையில் ஈடித் என்ற பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயதுகூட ஆகவில்லை அந்தக் குழந்தைக்கு, 1864 வசந்த காலத்தில் கௌரம்மா காசநோயில் இறந்துபோனாள். இருபத்தி மூன்று வயது முடியவில்லை.

1867இல் கேம்பல் காணாமல் போனார். கௌரம்மாவின் நகைகளும் அவரோடு போயின. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை. ஈடித்துக்கு அப்போது ஆறு வயது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, தாயின் கழுத்தில் கிடந்தது ஒன்றுகூட இல்லை.

லண்டன் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் கௌரம்மாவின் கல்லில் இருக்கும் வாசகத்தையும் படித்தேன். குடகின் முன்னாள் ராஜாவின் மகள், ஜான் கேம்பலின் அருமை மனைவி, விக்டோரியா ராணியின் நேரடிப் பாதுகாப்பில் ஞானஸ்நானம் பெற்றவள் என்று போகிறது அது. கடைசியில் யோவான் சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனம். தமிழ் பைபிளில் அது இப்படி இருக்கிறது: "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு." பதினொரு வயதிலிருந்து அவர்கள் வீட்டில், அவர்கள் பாஷையில், அவர்கள் கோயிலில் வளர்ந்த பெண். செத்த பிறகும் வேறு தொழுவத்து ஆடுதானா? ராணிக்கு அவள்மேல் பிரியம் இருந்தது என்பதை நான் நம்புகிறேன். பிரியத்தோடு எழுதிய கல்லிலேயே இது வந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தகப்பன் மகள், புருஷன் மனைவி, ராணியின் ஞானமகள் என்று எல்லாம் இருக்கிறது. அவள் பெற்ற ஈடித் இல்லை, அவளைப் பெற்றவளின் பெயர் இல்லை.

லண்டனில் இருக்கும் கல்லை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, தெரியும். ஆனால் மடிக்கேரி அரண்மனை உங்கள் கையில் இருக்கிறது. அவளுடைய தாத்தா லிங்கராஜேந்திரர் கட்டியது அது. ரொம்ப காலம் அரசு அலுவலகங்கள் நடந்த கட்டடம். ராஜாக்கள் எந்த வருடம் என்ன கட்டினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்வதற்கு நிறையச் சுவர் இருக்கிறது. அதில் ஒரே ஓர் அறையைக் கௌரம்மாவுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

பெரிய செலவு வேண்டாம். வின்டர்ஹால்டர் படத்தின் நல்ல பிரதி ஒன்றை முறைப்படி அனுமதி வாங்கி மாட்டுங்கள். கீழே அவள் கதையை உள்ளபடி எழுதுங்கள். காசியில் பிறந்ததை எழுதுங்கள். அப்பா எதற்காக அவளைக் கூட்டிப்போனார் என்பதையும், அவள் யார் யார் வீட்டில் இருந்தாள் என்பதையும் எழுதுங்கள். கல்யாணத்தைப் பற்றி எழுதும்போது "ஆங்கிலேய அதிகாரியை மணந்தார்" என்று ஒரு வரியில் தாண்டிப்போய்விடாதீர்கள். சூதாட்டத்தை எழுதுங்கள், நகை போனதை எழுதுங்கள், அவர் ஓடிப்போனதை எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வரும் இடம் அது. ராணி வீட்டுச் சம்பந்தம் கிடைத்ததால் ஒரு பெண் சுகமாக வாழ்ந்தாள் என்று அவர்கள் கேட்டுவிட்டுப் போவதைவிட, பெரிய இடத்துக் கல்யாணத்துக்குள் ஒரு பெண் எப்படித் தனியாக மாட்டிக்கொண்டாள் என்று தெரிந்துகொண்டு போகட்டும். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது புரியும். நான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். என் மகள் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, அவங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்பதுதான்.

பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கொடவ மொழியிலும் எழுதுங்கள். தமிழிலும் இருந்தால் எங்களுக்கு உதவி. விடுமுறை நாட்களில் உங்கள் ஊர் வாகன நிறுத்தத்தில் பாதிக்குப் பாதி எங்கள் வண்டிகள்தான் நிற்கின்றன. சுற்றிக் காட்டுகிறவர்களையும் ஒரு நாள் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். எங்களுக்கு வந்தவர் அவளைப் பற்றி எவ்வளவு ஆசையாகப் பேசினார் என்பதைப் பார்த்தேன். உண்மை தெரிந்தால் அதையும் அதே ஆசையோடு சொல்வார்.

அப்புறம் இன்னொன்று. அந்த யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. இந்த வீட்டுப் பெண் கௌரம்மா, 1841இல் காசியில் பிறந்து 1864இல் லண்டனில் இறந்தவள், இந்த முற்றத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்று மட்டும் போட்டால் போதும்.

வைத்தீர்கள் என்றால் சொல்லி அனுப்புங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்