முயலின் நிறத்தில் எங்கள் தோலைப் பார்க்காதீர்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அழகுசாதனப் பிரிவினருக்கு,

வணக்கம். சோப்பும் கிரீமும் கடைக்குப் போகுமுன் தன்னார்வலர்களின் தோலில் 24 மணி நேரம் ஒட்டிவைத்து, பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை என்னுடையது. அழகுசாதனப் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்க நீங்கள் வகுத்த தரநிலையான ஐ.எஸ். 4011-இன் கணக்கு எளிது: சிவப்புக்கு 4 வரை, வீக்கத்துக்கு 4 வரை. சராசரி 8-க்கு 2-ஐத் தாண்டாவிட்டால், எரிச்சல் தராத பொருள்.

வீக்கம் சரி, விரலால் தடவினால் தெரிந்துவிடும். சிவப்புதான் சிக்கல். கறுத்த தோலில் அது லேசான ஊதாவாகவோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்தோதான் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் சந்தேகம். "எரியுதும்மா" என்பார் தன்னார்வலர்; என் தாளில் 0 விழும். அமெரிக்க மருந்தியலாளர் டிரெய்ஸ் 1944-இல் இந்த அளவுகோலை உருவாக்கியது வெள்ளை முயல்களை வைத்து. அழகுசாதனச் சோதனையிலிருந்து முயலை 2014-இல் விடுவித்தோம். அளவுகோல் அப்படியே இருக்கிறது.

இதற்கு மாற்று உண்டு: மின்மறுப்பு, அதாவது தோல் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. அதை அளக்க நிறம் தேவையில்லை. தோலின் காய்ந்த மேலடுக்கு மின்சாரத்தை எளிதில் விடாது. சோப்பு அதைக் குலைத்தால் மறுப்பு இறங்கும். ஆளுக்கே தெரியாத அளவு மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், மேலடுக்குக்கு அடியில் உயிருள்ள செல்களின் நிலையும் தெரியும். சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஸ்டிக் ஓல்மர் குழுவினர் 1990-களிலேயே இதைச் செய்தார்கள். தோலில் எரிச்சல் தரும் சோடியம் லாரில் சல்பேட்டும் நோனனாயிக் அமிலமும் மின் அளவில் வெவ்வேறு தடம் காட்டின. கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில் இந்த வேறுபாடு வராது.

இதிலும் தொல்லை உண்டு. வியர்வை அளவைக் கெடுக்கும். மே மாதச் சென்னையில் வெயிலில் வந்தவரை உடனே அளந்தால் குப்பைதான் கிடைக்கும். ஏசி அறையில் உட்காரவைக்க வேண்டும், அளக்குமுன் தோலை உப்புநீரால் நனைக்க வேண்டும். ஒரே ஆளின் முன்கையும் முதுகுமே வேறு வேறு எண் தரும். ஆகவே எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஒட்டுவதற்கு முன் அதே இடம், ஒட்டாத பக்கத்து இடம், இவற்றோடு ஒப்பிட்ட வித்தியாசம் போதும்.

எல்லா ஆய்வகங்களும் நாளைக்கே கருவி வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை, சிறிய இடங்களுக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த திருத்தத்தில் ஒரே ஒரு விதி சேருங்கள்: சிவப்புக்கு 0 விழுந்தும் எரிச்சலோ அரிப்போ இருப்பதாகத் தன்னார்வலர் சொன்னால், மின் அளவு எடுக்காமல் அந்த 0-ஐச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருத்தி