பத்மராஜன் நிகழ்வுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மலையாள நாவலாசிரியராக அறியப்பட்டு, பின்னர் திரைக்கதையாசிரியராகவும் இயக்குநராகவும் வளர்ந்த பி. பத்மராஜனின் எழுத்தையும் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நோக்கில், நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய நிகழ்வு நல்லபடியாக நடந்தேறியது. அதற்குக் கைகொடுத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், யாரையும் பெயர் சொல்லாமலே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, மார்த்தாண்டத்திலிருந்து வந்து உதவிய ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மாவட்டம் இது என்பதால், மலையாளம் பேசத் தெரிந்தவர்களுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் ஒரு நாவலை மூலத்தில் வாசித்து, அதன் நடை கெடாமல் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள் அரிதானவர்கள். கேரள சாகித்திய அகாதமி விருது பெற்ற 'நட்சத்திரங்ஙளே காவல்' நாவலிலிருந்தும், 'பெருவழியம்பலம்' நாவலிலிருந்தும் அவர் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்துத் தந்த பகுதிகள் இல்லையென்றால், இது வெறும் படம் காட்டும் நிகழ்ச்சியாக முடிந்திருக்கும்.

'பெருவழியம்பலம்' நாவலைத்தான் பத்மராஜன் 1979இல் தமது முதல் படமாக இயக்கினார். அதற்கு முன்பே, 1975இல் பரதன் இயக்கிய 'பிரயாணம்' படத்துக்குத் திரைக்கதை எழுதியிருந்தார். ஊரையே மிரட்டிவந்த ஒரு முரடனைக் குத்திவிட்டு ஓடும் ராமன் என்ற சிறுவனையும், அவனுக்கு இடம்கொடுக்கும் டீக்கடைக்காரரையும் வாசிப்பில் கேட்ட கையோடு, அசோகனையும் பரத் கோபியையும் திரையில் பார்த்தபோது அரங்கிலிருந்த பலரும் ஒன்றைக் கவனித்தார்கள். எழுத்தாளர் இயக்குநராகும்போது வசனம் பெருகிவிடும் என்பது நம் அனுபவம். இவரோ தாம் எழுதிய சொற்களைத் தாமே வெட்டிக்கொண்டு, கேமராவுக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த ஆண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது அப்படத்துக்குக் கிடைத்தது.

வானொலியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவருக்கு எங்கள் தனி வணக்கம். ஹரிப்பாட்டுக்கு அருகிலுள்ள முதுகுளத்தில் 1945இல் பிறந்த பத்மராஜன், 1965இல் திருச்சூர் வானொலி நிலையத்தில் சேர்ந்து, பின்னர் திருவனந்தபுரத்துக்கு மாறி, 1986இல்தான் அந்த வேலையை விட்டார். அதாவது முதல் படத்தை இயக்கிய பிறகும் பல ஆண்டுகள் மாதச் சம்பளக்காரராகவே இருந்தார். சினிமாவை நம்பி உலை வைக்க வேண்டிய நிலை இல்லாததுதான் அவருடைய துணிச்சலுக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. இதையெல்லாம் மேடையில் விளக்கிய பெரியவர், எங்கள் வாசிப்பாளர்களுக்கு முன்கூட்டியே ஒரு பயிற்சியும் கொடுத்தார். வாசிக்க வேண்டிய தாள்களை ஸ்டேப்ளர் போடாமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு, முடிந்த தாளைப் புரட்டாமல் ஓசையின்றிப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். அன்று ஒலிவாங்கியில் காகிதச் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தமிழ்த் துணைவரிகளை எழுதிய இளைஞர்கள் இருவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' படத்தில் சாலமோனும் சோபியாவும் உன்னதப்பாட்டின் வரிகளைப் பேசும் இடங்களுக்குப் புதிதாக மொழிபெயர்க்காமல், நம் வீடுகளில் புழங்கும் தமிழ் வேதாகமத்தின் வரிகளையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அரங்கின் பின்வரிசையிலிருந்த முதிய பெண்கள் சிலர், அடுத்த வரி திரையில் வருவதற்கு முன்பே அதை வாய்விட்டுச் சொன்னார்கள். 'தூவானத்தும்பிக'ளில் ஜெயகிருஷ்ணன் கிளாராவுக்குக் கடிதம் எழுதும் மழைக் காட்சியில் துணைவரிகளை இயன்ற அளவு குறைத்ததும் நல்ல முடிவு. படிப்பதில் கண் போயிருந்தால் மழையை யார் பார்த்திருப்பார்கள்? இப்படம் 'உதகப்போள' என்ற பத்மராஜனின் நாவலிலிருந்து பிறந்தது என்றாலும், நாவலைக் கைக்குள் வைத்துக்கொண்டு எடுத்த படமல்ல.

'கூடெவிடே' திரையிடலுக்கு வழிசெய்த நண்பருக்கும் நன்றி. 1983இல் வெளிவந்த இப்படம் நம் எழுத்தாளர் வாஸந்தியின் 'மூங்கில் பூக்கள்' நாவலைத் தழுவியது என்பதும், ஊட்டியிலுள்ள ஒரு பள்ளியே படத்தின் களம் என்பதும் வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. நாவலின் பிரதியைத் தமது சேகரிப்பிலிருந்து எடுத்துத் தந்தவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 'மூன்னாம் பக்கம்' படத்துக்கு இசை இளையராஜா என்று அறிவித்ததுமே எழுந்த கைத்தட்டலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முதலில் பேசிவைத்திருந்த அரங்கு கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, தமது திருமண மண்டபத்தை மின்கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு கொடுத்த உரிமையாளருக்கும், சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிய பந்தல்காரர்களுக்கும், புரொஜெக்டரை இறுதிவரை பார்த்துக்கொண்ட தம்பிக்கும், சுக்குக்காபி தந்த அக்காமார்களுக்கும் நன்றி. திரையிடல் அனுமதிகளுக்காகச் சலிக்காமல் கடிதம் எழுதிய எங்கள் செயலாளர் அண்ணனையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

1986ஆம் ஆண்டில் மட்டும் பத்மராஜன் இயக்கிய படங்கள் நான்கு வெளிவந்தன. மொத்தம் பதினெட்டுப் படங்களை இயக்கிய அவர், கடைசிப் படமான 'ஞான் கந்தர்வன்' திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, 1991 ஜனவரி 24 அன்று கோழிக்கோட்டில் ஒரு விடுதியில் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 45. அப்படத்தைப் பற்றிய கலந்துரையாடல் நேரம் கடந்தும் நீண்டது; அதுவரை பொறுத்திருந்து மண்டபத்தைப் பூட்டிய காவலாளி ஐயாவுக்குத் தாமதமாகவேனும் எங்கள் நன்றி.

கண்காட்சிக்காக நீங்கள் இரவலாகத் தந்த நூல்களும் பழைய சினிமா இதழ்களும் உறையிட்டு, பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன. வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும் மாலைகளில் வந்து பெற்றுக்கொள்ளலாம். வர இயலாத பெரியவர்களுக்கு நாங்களே வீட்டில் கொண்டுவந்து சேர்ப்போம்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்பாளர்,
வாசகர் வட்டம், நாகர்கோவில்