அக்காவுக்கு, பரணைக் காலி செய்த பிறகு

அக்கா,

அம்மாவுக்குத் தலைத்திவசம் முடிந்து நீ மும்பைக்கு ரயிலேறின கையோடு பரணைக் காலி செய்துவிட்டேன். சாமான் போடுகிற அரங்கு வீட்டையும்தான். "எதையும் தூக்கிப் போட்றாத, அடுத்த தடவை வந்து பாத்துக்கிடுதேன்" என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை. இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இங்கே எழுதினால் படிப்பாய். அத்தானும் படிப்பாங்க, பங்காளிச் சொக்காரங்களும் படிப்பாங்க. அதனால் வீட்டுப் பாகம் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. சாமான் விஷயம் மட்டும்.

போனவை: கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், அல்வா டப்பாக்கள், மூடியில்லாத பாட்டில்கள், அப்பாவின் எக்ஸ்ரே படங்கள், துருவேறின மிக்சி. பெயர் வெட்டின தூக்குச்சட்டிகளை வளவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். ஆச்சியின் சருவப்பானையும் குத்துப்போணியும் எங்கேயும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்து, கைக்கெட்டும் தட்டில் வைத்திருக்கிறேன். அத்தனை கனத்தைத் தலைக்கு மேலே வைத்தால் யார் இறக்குவது?

அம்மா முன்னே இப்படிச் சேர்த்து வைக்கிறவள் இல்லை. 2023 திருநெல்வேலி வெள்ளத்துக்குப் பிறகுதான் தரையில் எதை வைத்தாலும் அவளுக்குப் பயம். காலி டப்பாகூடப் பரணுக்குப் போனது.

அன்றைக்கு மார்கழி ஒன்று, டிசம்பர் 17. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். நம் சிந்துபூந்துறையில் தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. நான் ஸ்டூல் மேல் நிற்கிறேன். முழங்கால் தண்ணீரில் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாள். அவளுடைய மாத்திரைப் பையைக் கொடு என்கிறேன். "ஏட்டி, மொதல்ல அக்கா பெட்டிய ஏத்துட்டி" என்கிறாள். அந்தத் தகரப்பெட்டியை அவள் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கின தூக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் படுக்கிற பாய் கீழேயே கிடந்து நனைந்தது, பூசணம் பிடித்து அதோடு போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று டிவியில் பார்த்துவிட்டு, லைன் கிடைக்கும்வரை நீ அழுதுகொண்டே இருந்ததாகப் பிறகு அத்தான் சொன்னாங்க. அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று திவசத்தன்று கேட்டேனே, உனக்குத் தெரியவில்லை. அவள் மாத்திரைக்கு முன்னால் அது ஏறியது அக்கா.

திறந்து பார்த்தேன். உன் கல்யாணப் பாய் இருந்தது. பத்தமடையில் சொல்லி, உன் பெயரும் அத்தான் பெயரும் போட்டு நெய்து வாங்கினது. நயமான பட்டுப்பாய் என்றால் துணி மாதிரி மடியும். இது அத்தனை நயமில்லை. பெட்டிக்கு அடங்கட்டும் என்று மடித்ததில், மடிப்போடு கோரை முறிந்திருக்கிறது. நிழலில் உலர்த்தி, அப்பாவின் வேட்டியை வைத்துச் சுருட்டி, வசம்பு போட்டு நிறுத்தியிருக்கிறேன். அடியில் உன் கோல நோட்டு. நீ புள்ளி வைத்து, என்னை இழை இழுக்கச் சொல்லி, கோணினால் அழிக்காமல் அப்படியே விடுவாயே, அந்த மார்கழிக் கோலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ராமபாணப்பூச்சி ஓரத்தை மட்டும் அரித்திருக்கிறது.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், நானும் சரி என்றிருப்பேன். அடுத்த மழைக்கும் நான்தான் அதே ஸ்டூலில் ஏறியிருப்பேன், கீழே நின்று எடுத்துக் கொடுக்க அம்மாவும் இல்லாமல். வருஷத்தில் சில நாள் வந்து தங்குகிறவளுக்கு வீடு அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறவளுக்கு நடக்க வழி வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பாய் உன்னுடையது. சித்திரையில் வரும்போது எடுத்துக்கொண்டு போ. வரவில்லை என்றால் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுவேன், கூலியை நீ கட்டு. கோல நோட்டைத் தர மாட்டேன்.

உன் தங்கச்சி