டீ ட்ரீ எண்ணெயை அப்படியே முகத்தில் தடவச் சொல்லலாமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் இணைப்பில் வந்த முகப்பருக் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டீ ட்ரீ எண்ணெய் இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது, இரண்டு சொட்டு எடுத்துப் பரு மேல் நேரடியாக வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நான் குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் இணைப்பில் எது வந்தாலும் மறுநாளே அது செல்போன் படமாக என் கவுன்ட்டருக்கு வந்துவிடும். "அண்ணா, இதுல போட்டிருக்கற எண்ணெய் குடுங்க" என்பார்கள்.

அப்படி வந்த ஒரு பெண், ஷூ கம்பெனிக்கு வேனில் போய்வருகிற பெண். அப்படியே தடவாதேம்மா, கலந்துதான் போடணும், முதலில் கையில் வைத்துப் பார் என்று பாட்டிலைக் கொடுக்கும்போதே சொன்னேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே அண்ணா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? உங்கள் அச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. சில வாரம் கழித்து அம்மாவோடு வந்தாள். துப்பட்டாவை விலக்கினால் இரண்டு கன்னமும் சிவந்து, வாயோரம் தோல் உரிந்து, கண் இமை வீங்கிக் கிடந்தது. கையோடு கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தேன், டர்பன்டைன் மாதிரி நெடி. ஜன்னல் திட்டில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தாளாம், மூடியையும் சரியாக இறுக்கவில்லை. வேலூருக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்ததில் அலர்ஜி என்று சொல்லி எண்ணெயை நிறுத்தச் சொன்னார். டாக்டர் ஃபீஸ், பஸ் செலவு, லீவு போட்டதில் இழந்த சம்பளம் எல்லாம் அந்த வீட்டுத் தலையில்தான் விழுந்தது.

இந்த எண்ணெய்க்கு நான் எதிரியில்லை. ஆஸ்திரேலியாவில் 1990-ல் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லை, பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்தோடு (அதுவும் 5 சதவீதம்) ஒப்பிட்டதில் இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் தொந்தரவு குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் அது 5 சதவீதம் ஐயா! பாட்டிலில் இருப்பது நூறு சதவீதம். இருபது மடங்கை இரவு முழுக்க முகத்தில் விடச் சொல்கிறது உங்கள் கட்டுரை. அப்புறம், காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் இந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடும். அப்படிப் பழசானதுதான் தோலில் அலர்ஜியை அதிகமாகக் கிளப்பும். ஒருமுறை அலர்ஜி ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். கத்திரி வெயிலில் எங்கள் ஊர் வீடுகளில் ஓட்டுக்குக் கீழே எவ்வளவு சூடு இருக்கும் என்று கட்டுரை எழுதியவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா?

படம் இன்னும் மோசம். டீ ட்ரீ என்பது தேயிலைச் செடியே இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து வேறொரு மரத்தின் இலையிலிருந்து எடுக்கிற எண்ணெய்க்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரி எண்ணெய்க்கு அரைப்பக்க விளம்பரம்.

இது இன்று தொடங்கியதும் இல்லை. முன்பு ஒருமுறை முகம் பளிச்சென்று ஆக எலுமிச்சைச் சாறு தடவச் சொன்னீர்கள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் சாறும் பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் வரும், கருந்திட்டு மாதக்கணக்கில் போகாது. வேலூர் வெயிலுக்கு அந்த யோசனை ஆகுமா? அன்றைக்கே கடிதம் எழுதினேன். வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை. 'அழகுக்கலை நிபுணர்' என்று ஒரு பெயர் போடுகிறீர்கள், அவர் என்ன படித்தவர் என்று ஒரு வரி போடுவதில்லை.

இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. முகம் எரிந்ததும் இந்தப் பிள்ளைகள் டாக்டரிடம் போவதில்லை, "அந்த வெள்ளை ட்யூப் குடுங்க" என்று கடைக்கு வருகிறார்கள். அது ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றால் முகம் வாடிப்போய்விடும். எங்கேயாவது வாங்கி மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பரு இன்னும் கூடத்தான் செய்யும். ஒரு எண்ணெயில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், நாலு வரித் திருத்தம் போடுங்கள். நேரடியாகத் தடவக் கூடாது, 5 சதவீத அளவில் தயாராக விற்கும் ஜெல்லே நல்லது. வாங்கியதும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். கண் பக்கம் போகவே கூடாது. இருட்டான, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும், நெடி மாறினால் தூக்கிப் போட வேண்டும். வாயில் போனால் விஷம் என்பதால் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. இடம் இருந்தால் எலுமிச்சைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் அந்தப் பக்கத்தை வெட்டிக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
குடியாத்தம்.