கிளாஸ்கோவிலிருந்து பெரியப்பாவுக்கு: சனிக்கிழமை இசை வகுப்பு

கிளாஸ்கோ,
23 நவம்பர் 2025.

அன்பும் மதிப்பும் மிகுந்த பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலமும் பெரியம்மாவின் நலமும் அறிய ஆவல். தங்கள் கடிதம் கிடைத்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக மண்டபத்தில் இலவச இசை வகுப்பு ஒன்றைத் தொடங்க நினைப்பதாகவும், அதற்குத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவர்களை அழைக்கலாமா என்றும், இங்கே நான் பங்கெடுக்கும் வகுப்பு எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியம்மா கேட்ட குளிரைப் பற்றி ஒரு வரி மட்டும்: மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது, மற்றபடி சமாளித்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் வகுப்பைப் பற்றித்தான்.

கிளைடு ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் கோவன்ஹில், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய பகுதி. முன்பு அயர்லாந்திலிருந்து வந்தார்கள். பிறகு இந்தியா, பாகிஸ்தான் குடும்பங்கள் வந்தன. ஸ்லோவாக்கியா 2004-இலும் ருமேனியா 2007-இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின்னர் அந்நாடுகளின் ரோமா மக்கள் (முன்பு ‘ஜிப்சி’ என்று அழைக்கப்பட்டவர்கள்) வந்தார்கள். தெருவின் இருபுறமும் மணற்கல்லில் கட்டிய பழைய அடுக்குமாடி வீடுகள். ஒரே படிக்கட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டில் இருமினால் மேல்வீட்டில் கேட்கும். இந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை காலைகளில், ஒரு தேவாலயத்தின் கூடத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து இசையின் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இலவச இசைக் கல்வி இந்நாட்டுக்குப் புதிதல்ல. அரசுப் பள்ளிகளில் வாத்தியம் கற்க முன்பு பல இடங்களில் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு வரை கட்டணம் வாங்கிவந்தார்கள். 2021-இல் ஸ்காட்லாந்து அரசு அதை நீக்கிவிட்டது. ஆனாலும் கேட்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இதைத் தவிர, வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ என்னும் இலவச இசைக்குழுத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஸ்டிர்லிங் நகரின் ராப்லாக் குடியிருப்பில் 2008-இல் ‘பிக் நாய்ஸ்’ என்னும் சிறுவர் இசைக்குழுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜூனில், எல் சிஸ்தேமாவில் வளர்ந்த இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் தம் சிமோன் பொலிவார் இசைக்குழுவை ராப்லாக்கிற்கே அழைத்துவந்து, அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு திறந்தவெளியில் கச்சேரி செய்தார். மறு ஆண்டு அத்திட்டம் கோவன்ஹில்லுக்கும் வந்தது. ஆனால் அங்கே கற்பிப்பவர்கள் சம்பளம் பெறும் தொழில்முறை இசைஞர்கள். எங்கள் வகுப்போ சம்பளமில்லாத மாணவர்கள் வாரம் ஒருமுறை நடத்துவது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

வகுப்பில் சேர விரும்பும் மாணவர் நேராகப் போய்ப் பிள்ளைகள் முன் நின்றுவிட முடியாது. சிறுவர்களோடு பழகும் பொறுப்பில் இருப்பவர்கள் அரசிடம் பின்னணிச் சோதனை செய்துகொண்டு பதிவு பெற வேண்டும். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் அது சட்டப்படி கட்டாயம் ஆகியிருக்கிறது. அதன் பிறகும், பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று எங்கள் குழுவுக்கென்று விதிகள் உண்டு. ஆரம்பத்தில் இவை எனக்கு அதிகப்படியாகத் தோன்றின. இப்போது, நம் ஊரில் யார் இப்படி வகுப்பு தொடங்கினாலும் முதல் நாளே இவற்றை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாடம் தொடங்கும் விதம் தங்களுக்குப் பிடிக்கும். குளோக்கன்ஷ்பீல் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது: சிறிய பெட்டியின்மேல் சுரத்துக்கு ஒன்றாக உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும், சிறு கோலால் தட்ட வேண்டும். தகடுகளைக் கழற்றி மாட்டலாம் என்பதுதான் இதன் சிறப்பு. முழு வரிசையும் நம் சங்கராபரண ராகம். அதிலிருந்து மத்யமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கழற்றிவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த, அதாவது மோகன ராகம். மிக நெருங்கி நிற்கும் சுரங்களுக்கு இடையிலான அரைச்சுர இடைவெளிகள் அந்த இரண்டோடு போய்விடுவதால், பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தத்தம் இஷ்டத்துக்குத் தட்டினாலும் காதைக் குத்தும் மோதல் வருவதில்லை. முதல் வாரத்திலேயே, தான் வாசித்தது இசையாக இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்த பிள்ளை அடுத்த வாரம் தானாகவே வருகிறது. ஸ்காட்லாந்தின் பழைய மெட்டுகள் பலவும் இதே ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதால், உள்ளூர்ப் பாட்டுக்குப் போவதும் எளிது. (மாயாமாளவகௌளை ராகத்தில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமான சரளி வரிசைக்கு முன்னால் சில வாரம் மோகனத்தில் விளையாட விடலாம் என்று நம் பாட்டு வாத்தியார்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மாயாமாளவகௌளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சில வாரம் தள்ளி வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.)

வயலின் வேறு விவகாரம். அது பிள்ளையின் கை நீளத்துக்கு ஏற்ப கால், அரை, முக்கால் என்று அளவுகளில் வருகிறது. வளர வளர மாற்றிக்கொண்டே போக வேண்டும். எங்களிடம் இருப்பவை எல்லாம் பழையவை, தானமாக வந்தவை. விரல் வைக்கும் இடங்களை மெல்லிய ஒட்டுநாடாவால் அடையாளப்படுத்தித் தருகிறோம். நம் முறையில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றிக் கற்றவள் நான். இங்கே நின்றுகொண்டு முகவாயில் இடுக்கிப் பிடிக்கக் கற்ற பிறகுதான் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. குளிர்காலத்தில் சூடேற்றிய அறைகளின் உலர்ந்த காற்றில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிரடைகள் நழுவிவிடுகின்றன. நம் ஐப்பசி மழையில் அவை ஊதி இறுகிக்கொள்வதற்கு நேர்மாறு. ஆகவே வகுப்பு தொடங்குமுன் சுருதி சேர்க்க இரண்டு பேர் முன்னதாகவே வந்தாக வேண்டும்.

வாத்தியம் வீட்டுக்குப் போகாவிட்டால் வாரம் ஒருமுறைப் பாடத்தால் பயனில்லை. போனால் அக்கம்பக்கத்தார் குறை சொல்வார்கள். அதற்காக, தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின்மேல் செருகி ஒலியைக் குறைக்கும் ரப்பர் அடக்கி ஒன்றை ஒவ்வொரு வயலினோடும் கொடுத்தனுப்புகிறோம். ஒலி பாதிக்குமேல் குறைந்துவிடும். உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து வீட்டுக்கு வேண்டாம் என்ற தாய்மார் உண்டு. உடைந்தால் பணம் கேட்க மாட்டோம் என்று அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுத்த பின்புதான் வாங்கிப் போனார்கள். தாங்கள் வாத்தியம் கொடுப்பதானால் இந்த உறுதியை வாயால் சொல்லாமல் தாளில் கொடுங்கள்.

ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களிடையே வயலினும், கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் சிம்பலோமும் வாசிக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருந்துவருகின்றன. எங்கள் வகுப்புக்கு வரும் சில பிள்ளைகளின் மாமனோ தாத்தாவோ, காகிதத்தில் ஒரு சுரத்தைக்கூடப் படிக்காமல், கேட்ட மாத்திரத்தில் எதையும் வாசிக்கக்கூடியவர். அந்தப் பிள்ளைகள் தாளத்தில் எங்களைவிடத் துல்லியம். அவர்களுக்கு ‘ஒன்றும் தெரியாது, நாம் போய்க் கொடுக்கிறோம்’ என்ற நினைப்போடு வந்த தொண்டர்கள், எழுதிய சுரத்தைப் படிக்கத் தடுமாறுவதை மட்டும் பார்த்துவிட்டு, திறமை இல்லை என்று முடிவு கட்டினார்கள். நம் தெருவிலும் வறுமைப்பட்ட வீடுகளில் பறையும் தவிலும் இருக்கின்றன, பெரியப்பா. கல்லூரி மாணவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாளம் என்றால் என்ன என்று முதலிலிருந்து ஆரம்பித்தால் அது அவமதிப்பாகிவிடும். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களை மண்டபத்துக்கு அழைத்து, மாணவர்களோடு சரிசமமாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தொடங்குங்கள். மண்டபத்துக்குள் அவர்களை உட்காரவைப்பதில் யாருக்காவது மனத்தாங்கல் இருக்குமானால், வகுப்பை வேறு இடத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மாணவத் தொண்டர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அவர்கள் தங்குவதில்லை என்பதுதான் குறை. இங்கே பள்ளிகள் ஆகஸ்டு நடுவில் திறந்து ஜூன் கடைசி வரை நடக்கின்றன. பல்கலைக்கழக மாணவரோ செப்டம்பரில் வருகிறார், டிசம்பரில் தேர்வு என்று மறைகிறார், மே மாதத்தோடு ஊருக்குப் போய்விடுகிறார். பட்டம் முடிந்தால் திரும்பி வருவதே இல்லை. ஆய்வு மாணவியாக மூன்றாம் ஆண்டும் இங்கேயே இருப்பதால், ஒரே பிள்ளை மூன்று ஆசிரியர்களை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வில் பிடிக்கும் விதத்தைத் தம் வழியில் முதலிலிருந்து திருத்தினார்கள். மூன்றாமவர் வந்தபோது அந்தப் பிள்ளை, ‘நீங்களும் போய்விடுவீர்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தது.

இது மனவருத்தத்தோடு முடியும் சங்கதி அல்ல, பயனையே தின்றுவிடும் சங்கதி. லாஸ் ஏஞ்சல்ஸில் 2001-இல் தொடங்கிய ‘ஹார்மனி புராஜெக்ட்’ என்னும் இலவச இசைத் திட்டத்தின் பிள்ளைகளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா கிரவுஸ் குழுவினர் ஆராய்ந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேச்சொலிகளை நுட்பமாகப் பிரித்தறிவதில் அந்தப் பிள்ளைகளின் மூளை முன்னேற்றம் காட்டியது. ஆனால் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகுதான். ஓராண்டு முடிவில் அந்த மாற்றம் தென்படவில்லை. அப்படியானால் எட்டு மாதம் கற்றுக்கொடுத்துவிட்டுச் சான்றிதழோடு போகிற தொண்டரால் பலன் பெறுவது பெரும்பாலும் அந்தத் தொண்டர்தான் என்று நான் சொன்னால், எங்கள் குழுவிலேயே சிலருக்குக் கோபம் வருகிறது.

அதனால் இப்போது எங்கள் ஏற்பாடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் இருவர்: ஒருவர் முதலாண்டு மாணவர், மற்றவர் மூத்தவர். மூத்தவர் போகும்போது இளையவர் ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் பழகியவராக இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. அன்று எந்தப் பாடம், எந்த விரல் வளைகிறது, வீட்டில் வாசித்ததா என்பதை ஒவ்வொரு வாரமும் அதில் எழுதியே ஆக வேண்டும். மே, ஜூன் மாதங்களில், அந்தப் பகுதியிலேயே வசிக்கும், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்குச் சிறு தொகை கொடுத்து வகுப்பை நடத்துகிறோம். உண்மையைச் சொன்னால், வகுப்பு இன்றைக்கும் நிற்பது அந்த அம்மையாரால்தான்.

திருவையாற்று மாணவர்களைத் தாராளமாக அழையுங்கள். ஆனால் மார்கழிக் கச்சேரிகள், அடுத்து தியாகராஜ ஆராதனை, கோடையில் தேர்வு, விடுமுறை என்று அவர்களும் ஆண்டில் பாதி நாள் கையில் இருக்க மாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு முன்னதாக, ஆண்டு முழுவதும் ஊரிலேயே இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு மாதந்தோறும் தவறாமல் சம்பளம் கொடுங்கள். நன்கொடைப் பணத்தில் வாத்தியம் வாங்குவதைக்கூட இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம்; வாய்ப்பாட்டுக்கு ஒரு சுருதிப்பெட்டி போதும். மாணவர்களுக்குப் பேருந்துச் செலவும் காலை டிபனும் தந்துவிடுங்கள். இரண்டு ஆண்டு வருவதாக ஒப்புக்கொள்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; நான்கு பேர்தான் தேறுகிறார்கள் என்றால் நான்கு பேருக்கு எத்தனை பிள்ளைகளைச் சமாளிக்க முடியுமோ அத்தனை பிள்ளைகளோடு தொடங்குங்கள்.

இங்கே நாங்கள் வைத்திருக்கும் நோட்டின் மாதிரிப் பக்கத்தைத் தமிழில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். மண்டபத்தில் பூட்டுப் போடக்கூடிய அலமாரி இருக்கிறதா, திருவிழா நாட்களில் இடம் கிடைக்குமா என்பதை மட்டும் பதிலில் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்.