சத்தத்தைக் குறையுங்கள், நாடகத்தை நிறுத்தாதீர்கள்

திருவிழா நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும், கலைகளுக்குப் பொறுப்பான அரசுத் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையில்லாமல் கூடி ஆடுகிற இசை நாடகங்களுக்கு, ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுகிறவன். பங்குனி தொடங்கி ஆடி வரை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில்தான் எங்கள் இரவுகள் போகும். சென்ற பங்குனிப் பொங்கலில் ஒரு ஊரில் வள்ளி திருமணம் நாடகத்தை இரவு 11.30 மணிக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: இரவு நேர ஒலிபெருக்கித் தடை. இப்படி நடப்பது அது முதல் முறையும் இல்லை.

அந்த நேரத்தில் மேடையில் எது முடிந்திருந்தது என்று தயவுசெய்து கவனியுங்கள். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். டான்ஸ் ஆடுகிற பெண் வந்து, பபூனும் அவரும் வழக்கமான பாட்டையும் பேச்சையும் முடித்திருந்தார்கள். வள்ளி அப்போதுதான் தினைப்புனம் காக்க வந்து முதல் பாட்டை எடுத்திருந்தார். நாரதர் வரவில்லை. வேலன் வரவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகத்தில் பெரும்பகுதி தொடங்கவே இல்லை.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு விதிக்கிற நிபந்தனைகளை அப்படியே எங்களுக்கும் தருகிறீர்கள். இரட்டை அர்த்த வசனம் கூடாது, ஆபாசம் கூடாது என்று எழுதியிருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் குறிக்கிற நேரத்துக்குள் நடந்து முடிவது பபூன், டான்ஸ் பகுதி மட்டும்தான். எந்தப் பகுதியின் மேல் உங்களுக்குக் கவலையோ அது முழுதாக நடக்கிறது. எதைக் கேட்க முதியவர்கள் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்களோ அது வெட்டுப்படுகிறது. இதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

அன்று வேலனாக நடிக்க வந்த ராஜபார்ட் (கதாநாயக) நடிகர் இரண்டு பஸ் மாறி வந்தவர். அரிதாரம் பூசி, உடை கட்டி, கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்தார். ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் அரிதாரத்தைக் கலைத்தார். நாடகம் முடியவில்லை என்று சொல்லி விழாக் கமிட்டியார் பேசிய தொகையில் பிடித்துக்கொண்டார்கள். வசூல் செய்த வரிக்கு அவர்களும் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் இல்லையா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணத்தை விடுங்கள். நாங்கள் விடிய விடிய ஆடுவதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நாடகம் முடிகிற நேரத்தில் முதல் பஸ் வந்துவிடும். நள்ளிரவுக்கு முன்னால் மேடையைக் கலைத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது? வள்ளியாக வந்தவரும் டான்ஸ் ஆடியவரும் உடைப் பெட்டியோடு, பாதி கலைந்த பவுடரோடு, ரோட்டோரப் பஸ் நிறுத்தத்தில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மிருதங்கக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் காவலுக்கு நின்றோம். குடித்துவிட்டு வந்த சிலர் அந்தப் பெண்களிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பொது அமைதிக்காகத்தான் நாடகத்தை நிறுத்துகிறோம் என்கிறீர்கள். அந்த இரவில் அந்த இரண்டு பெண்களின் அமைதிக்கு யார் பொறுப்பு?

விதி எனக்குத் தெரியாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நெஞ்சுவலிக்காரரும் தூங்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ரேடியோவை இன்றைக்கே அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், அவிழ்த்துவிடுகிறோம். பந்தலுக்குள் கேட்கிற அளவுக்கு இரண்டு பெட்டிகள் போதும். சத்தத்தைக் குறையுங்கள், நாடகத்தை நிறுத்தாதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

விடிய விடிய நடந்தால்தான் நாடகமா, இரண்டு மணி நேரத்தில் சுருக்க முடியாதா என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். எங்களுக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட்டான கதாநாயகி ஒரு ஊர், நான் ஒரு ஊர். பல சமயம் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்போம். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்கிற ஒரே தைரியத்தில் மேடையேறுகிறோம். சுருதியில் அவருக்கு ஒரு கட்டை, இவருக்கு வேறு கட்டை. இரண்டுக்கும் நான் ஈடுகொடுக்க வேண்டும். பாட்டாலேயே வாதாடுகிற தர்க்கத்தில் ஒருவர் விருத்தம் பாடி மடக்கினால் மற்றவர் அங்கேயே யோசித்துப் பதில் பாட வேண்டும். அவர் எந்த ராகத்துக்குப் போகிறார் என்று பார்த்து நான் பின்னாலேயே போக வேண்டும். இது சூடு பிடிக்க நேரம் எடுக்கும். நள்ளிரவு தாண்டிய பிறகுதான் குரல்கள் திறக்கும். பாடக நடிகர்கள் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நின்று பாடிய நாடகம் இது. தியாகராஜ பாகவதர் 1934இல் பவளக்கொடி படத்தில் சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் தேர்ந்தது இந்த மேடைகளில்தான்.

1867இல் பிறந்து 1922இல் மறைந்த சுவாமிகள் வானத்திலிருந்து இதைக் கொண்டுவரவில்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும் கீர்த்தனைகளாலேயே கதை சொல்லிக் காட்டியிருந்தன. தெருக்கூத்து ஊர் ஊராக இருந்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் திரைச்சீலையும் இந்துஸ்தானி மெட்டும் கொண்டுவந்தன. இவ்வளவையும் வாங்கி, வெண்பாவும் விருத்தமும் சந்தமும் கலந்து, எழுத்து வாசனை இல்லாதவனும் ரசிக்கிற இசை நாடகமாக அவர் ஆக்கினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய பாலர் சபையில் வளர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு நாடகத்தை எழுதி முடித்த நேரம்கூட அதை ஆட எங்களுக்குக் கிடைப்பதில்லை.

ஐரோப்பாவில் ஓபரா என்கிற இசை நாடகம் வளர்ந்த கதையையும் படித்திருக்கிறேன். 1607இல் இத்தாலியின் மாந்துவா அரண்மனையில் மாண்டெவெர்டி இசையமைத்த ஓர்ஃபேயோ ஓபரா நடந்தது. 1637இல் வெனிஸில் டிக்கெட் வாங்கிய எவரும் உள்ளே போகலாம் என்று ஒரு அரங்கம் திறந்தார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் நான்கு பகுதிகளாக, ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடுகிற ஒரு இசை நாடகம் எழுதினார். அதை முழுதாக நடத்த பைரோய்ட் நகரில் தனி அரங்கமே எழும்பியது, 1876இல். பவேரிய மன்னர் பணம் கொடுத்து உதவினார். அங்கே நாடகம் நீளம் என்றால் அதற்கேற்ற இடம் தேடினார்கள். இங்கே சுவாமிகளின் சிலைக்கு மாலை போடுகிறோம், பிறகு அவருடைய வள்ளியை முதல் பாட்டிலேயே இறக்கிவிடுகிறோம். அரண்மனையோ டிக்கெட்டோ இல்லாமல், ஊர் வரியில் எல்லோருக்கும் இலவசமாக நடக்கிற கலை இது. உங்களிடம் அரங்கம் கேட்கவில்லை. மானியம்கூட இந்த மடலில் கேட்கவில்லை.

போலீஸ் நாடகத்தை நிறுத்துவது எங்களுக்குப் பழக்கமில்லாததும் அல்ல. தேசபக்திப் பாட்டுக்காக வெள்ளைக்கார ஆட்சி நாடக நடிகர் விஸ்வநாததாஸைப் பலமுறை சிறைக்கு அனுப்பியது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக மேடையிலிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அந்த ஆட்சிக்கு அவருடைய பாட்டின் பொருள் புரிந்திருந்தது, அதனால் பயந்தது. இன்று எங்களை நிறுத்துகிறவர்கள் பாட்டைக் கேட்பதே இல்லை; கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். இரவு ரோந்து வருகிற காவலர்களில் பலர் ஓரமாக நின்று ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் உள்ள உத்தரவைத்தான் அவர்கள் நிறைவேற்றுகிறார்கள். அந்த உத்தரவை எழுதுகிற உங்களிடம்தான் கேட்கிறேன்.

இசை நாடகத்தை ஆடல் பாடலிலிருந்து பிரித்துத் தனி விண்ணப்பமாகப் பாருங்கள். நள்ளிரவுத் தளர்வு கொடுக்கிற நாட்களில் எங்கள் நாடக நாட்களையும் சேருங்கள். நேரத்தை ஒரு வாரம் முன்பே எழுத்தில் தந்துவிட்டால், பபூன் பகுதியைக் குறைத்துக்கொண்டு வள்ளியை முதலிலேயே மேடையேற்றிவிடுவோம். நள்ளிரவுக்கு மேலும் குறைந்த ஒலியில் தொடர விதியில் இடமில்லை என்றால், மரபான இரவு நாடகங்களுக்கு விலக்குக் கேட்டு மத்திய அரசுக்கு எழுத வேண்டியது கலைகளுக்குப் பொறுப்பான துறைதான். எதற்காகவாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பெண் கலைஞர்கள் விடியும் வரை தங்க அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.

சித்திரை, வைகாசித் திருவிழாக்களுக்கான மனுக்கள் இப்போதே உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கும். அவற்றில் கையெழுத்துப் போடும் முன் இந்த மடலை ஒரு முறை படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தைக் குறையுங்கள். நாடகத்தை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு ஆர்மோனியக் கலைஞன்